மூடி உள்ள ஃபிட்டிங்கை மண்ணுக்குள் புதைக்காதீர்கள்

மண்ணுக்கடியில் கண்டூட் (ஒயர் செல்லும் குழாய்) போடுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நான் போய்ப் பார்க்கும் பழுதுகளில் ஆழக் குறைவால் வந்தவை சொற்பம். பெரும்பாலானவை குழாயில் இருப்பதில்லை. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில், ஃபிட்டிங்கில் இருக்கின்றன.

ஒரு தோட்ட விளக்கு இணைப்பு. மழை பெய்தால் மட்டும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும், இரண்டு நாள் வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடும். விளக்குகளை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். மெகர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்ததில், பழுது நடைபாதைக் கற்களுக்கு அடியில் ஓடும் பகுதியில் என்று தெரிந்தது. கற்களைப் பெயர்த்தபோது கிடைத்தது, சுவரோரம் மேலே இருந்திருக்க வேண்டிய ஓர் எல்.பி. ஃபிட்டிங், அதாவது குழாயை எல் வடிவில் திருப்பும், மூடியுள்ள ஃபிட்டிங். குழாயைத் திருப்ப வசதியாக இருக்கிறதே என்று அதை மாட்டி, அப்படியே மண்ணைத் தள்ளியிருந்தார்கள். மூடியின் திருகுகள் துருவேறித் தலை உதிர்ந்துவிட்டன. ரப்பர் வாஷர் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் திறந்திருந்தது. உள்ளே பாதி அளவுக்குச் சேறு. அந்தச் சேற்றுக்குள், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது.

எல்.பி. போன்ற ஃபிட்டிங்குகளுக்கு எதற்கு மூடி வைக்கிறார்கள்? ஒயரை இழுக்கவும், திருப்பிவிடவும், பின்னாளில் திறந்து பார்க்கவும். திறக்க முடியாத இடத்தில் வைத்தால் மூடியால் பயன் எதுவும் இல்லை. தண்ணீர் நுழைய ஒரு வழி கூடுவதுதான் மிச்சம். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு (என்.இ.சி.) 314.29-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பெட்டிகளும் மூடியுள்ள ஃபிட்டிங்குகளும், கட்டடத்தின் எந்தப் பகுதியையும் உடைக்காமல், நடைபாதையையோ மண்ணையோ தோண்டாமல், உள்ளிருக்கும் ஒயர்களை அணுகும்படி இருக்க வேண்டும். ஒரு விலக்கு உண்டு. அதற்கென்றே சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பெட்டிகளைச் சரளைக் கல்லாலோ ஒட்டாத மணல் போன்ற மண்ணாலோ மூடலாம். ஆனால் அவை இருக்கும் இடம் அடையாளமிடப்பட்டு, எளிதில் தோண்டி எடுக்கும்படி இருக்க வேண்டும். இந்த விலக்கு பெட்டிகளுக்குத்தான், எல்.பி.க்கு இல்லை. "சிலிக்கான் பூசிவிட்டோம், தண்ணீர் போகாது" என்று வாதாடுபவர்கள் உண்டு. பூசினாலும் பூசாவிட்டாலும் விதி கேட்பது அணுகும் வழியை.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60364 தரத்தைப் பின்பற்றும் நாடுகளிலும் அடிப்படை இதுவேதான். இணைப்புகள் எல்லாம் சோதிக்கவும் பராமரிக்கவும் எட்டும்படி இருக்க வேண்டும். மண்ணில் புதைப்பதற்கென்றே வடிவமைத்த கேபிள் ஜாயிண்டுகள், உள்ளே காம்பவுண்டு ஊற்றி இறுக்கிய ஜாயிண்டுகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு.

அப்படியானால் எதைப் புதைக்கலாம்? குழாய்களை நேராக இணைக்கும் கப்ளிங், வளைந்த குழாயான பெண்ட் ஆகிய மூடியில்லாதவற்றைத் தாராளமாகப் புதைக்கலாம். அவை குழாயின் தொடர்ச்சிதான். திறந்து பார்க்க அவற்றில் எதுவும் இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு ஏற்ற கப்ளிங்காக இருக்க வேண்டும். பக்கவாட்டுத் திருகால் இறுக்கும் சாதாரணக் கப்ளிங்குகள் உலர்ந்த இடத்துக்கானவை. மண்ணுக்குள் அவற்றுக்கு வேலை இல்லை. எஃகுக் குழாயை வெட்டி மரை போட்டால், அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, துரு அங்கேதான் தொடங்கும். மின்சாரம் கடத்தும் துருத்தடுப்புப் பூச்சை அங்கே தடவச் சொல்கிறது விதி. சாதாரணப் பெயிண்ட் அடித்தால் எர்த் தொடர்ச்சி கெடும். பி.வி.சி.யில் சிக்கல் வேறு: சேறு படிந்த முனையைத் துடைக்காமல் பசை தடவிச் செருகுகிறார்கள். அன்று ஒட்டியதுபோல் தெரியும். மண் இறங்கும்போது கழன்றுகொள்ளும்.

பி.வி.சி. ஓட்டத்தில் வளைவுக்கு மட்டும் எஃகுப் பெண்ட் போடுவது நல்ல பழக்கம்தான். நீண்ட தூரம் ஒயர் இழுக்கும்போது கயிறு உராய்ந்து பி.வி.சி. வளைவின் உட்சுவரை அறுத்துவிடும். ஆனால் நடுவில் தனியாகக் கிடக்கும் அந்த எஃகுக்கு எர்த் யார் கொடுப்பது? பெண்டின் எந்தப் பகுதிக்கு மேலும் குறைந்தது 18 அங்குலம், அதாவது 450 மி.மீ. மண் மூடியிருந்தால் எர்த் இணைப்பு தேவையில்லை என்கிறது என்.இ.சி.; அதைவிட மேலே வந்தால் கட்டாயம். சுவரருகே குழாய் மேலேறும் இடத்தில் பெண்டின் ஒரு முனை தரைமட்டத்தை நெருங்கிவிடும். பலர் கோட்டைவிடும் இடம் அது.

ஆழக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்.இ.சி.யின் 300.5 அட்டவணைப்படி பொதுவான இடங்களில் பி.வி.சி. கண்டூட்டுக்கு 18 அங்குலம், கனத்த எஃகுக் கண்டூட்டுக்கு 6, குழாயின்றி நேரடியாகப் புதைக்கும் கேபிளுக்கு 24. பொதுச் சாலைக்கு அடியில் எல்லாவற்றுக்கும் 24. குழாயின் மேல்விளிம்பிலிருந்து முடிவான தரைமட்டம் வரை அளக்க வேண்டும், குழியின் ஆழத்தை அல்ல. உங்கள் பகுதியில் நடைமுறையில் உள்ள விதி வேறு எண்ணைச் சொன்னால் அதுதான் செல்லும்.

எத்தனை கவனமாக ஒட்டினாலும் மண்ணுக்கடியில் உள்ள குழாய்க்குள் ஈரம் வந்தே தீரும். ஃபிட்டிங் வழியே வராவிட்டால், சூடான காற்று உள்ளே போய்க் குளிர்ந்து நீராகத் துளிர்க்கும். ஆகவே நிலத்தடிக் குழாயின் உட்புறத்தை ஈரமான இடமாகவே விதி கருதுகிறது. ஈரத்தைத் தாங்கும் தரமுள்ள ஒயர்தான் அதற்குள் போக வேண்டும். குழாய்க்குள் ஜாயிண்ட் கூடவே கூடாது. கட்டடத்துக்குள் நுழையும் முனையையும் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நேராகப் பேனலுக்கு வரும்.

எல்.பி.யை எங்கேதான் வைப்பது? குழாய் பெண்ட் வழியாகச் சுவரோரம் மேலேறி, தரைக்கு மேல் வந்த பிறகு, மூடி வெளிப்பக்கம் பார்க்கும்படி. புதிதாக நிரப்பிய மண் தாழ்ந்து குழாயைக் கீழே இழுக்கும் என்பதால், அந்தச் செங்குத்துப் பகுதியில் ஒரு விரிவு இணைப்பு (நீண்டு சுருங்கக்கூடிய இணைப்பு) சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி இடிக்க வாய்ப்புள்ள இடமானால் அங்கே தடித்த ரகக் குழாய் வேண்டும்.

மண்ணைத் தள்ளுமுன் அளவு டேப்பைக் குழிக்குள் வைத்து, ஒவ்வொரு கப்ளிங்கும் தெரியும்படி படம் எடுத்து வரைபடத்தோடு உரிமையாளரிடம் கொடுங்கள். கூரான கல்லையும் கட்டட இடிபாட்டையும் பொறுக்கிவிட்டு மண்ணை நிரப்புங்கள். மெகர் சோதனையை நிரப்பும் முன் ஒருமுறை, நிரப்பிய பின் ஒருமுறை செய்து, இரண்டு அளவுகளையும் அதே வரைபடத்தில் எழுதிவிடுங்கள்.