தூக்கமும் மறதியும்: ஓர் ஆய்வைப் பிரித்துப் பார்ப்போம்

1885-இல் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியை அளந்து ஒரு நூல் வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்வார். சில மணி நேரமோ சில நாளோ கழித்து அதே வரிசையைத் திரும்பப் படிப்பார். முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று குறித்துக்கொள்வார். ஒரு மணி நேரம் கழித்துப் படித்தபோது 44 சதவீதம் மிச்சம். ஏறக்குறைய 9 மணி நேரம் கழித்து 36. ஒரு நாள் கழித்து 34. இரண்டு நாள் கழித்து 28.

இந்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 9 மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் நடுவே 15 மணி நேரம் ஓடியிருக்கிறது. இழப்பு 2 மட்டும்தான். அடுத்த 24 மணி நேரத்தில் இழப்பு 6. மறதி முதலில் வேகமாக இருந்து போகப்போகக் குறைய வேண்டும். இங்கே அது நடுவில் கிட்டத்தட்ட நின்றுவிட்டு மறுபடி வேகம் பிடிக்கிறது. எபிங்ஹாஸுக்கே இது உறுத்தியது. ஆனாலும் அளவீட்டில் ஏதோ பிழை இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அந்த 15 மணி நேரத்தில் ஓர் இரவுத் தூக்கம் இருந்திருக்குமே? இந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு ஜான் ஜென்கின்ஸ், கார்ல் டாலன்பாக் என்ற இருவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தி, 1924-இல் வெளியிட்டார்கள். மிகச் சிறிய ஆய்வு. ஆனால் ஆராய்ச்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அடிப்படைக் கருத்துகள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன, குறைகளும் சேர்த்து.

முதலில் கேள்வி. 'தூக்கமும் நினைவாற்றலும்' என்பது தலைப்பு. அதை வைத்து எந்தச் சோதனையும் செய்ய முடியாது. 'மனப்பாடம் செய்தபின் தூங்கினால், அதே அளவு நேரம் விழித்திருப்பதைவிடக் குறைவாக மறக்கிறோமா?' என்பது கேள்வி. இதற்குப் பதில் எந்த வடிவில் வரும் என்பது இப்போதே தெரிகிறது. புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் தலைப்பைக் கேள்வி என்று எண்ணிக்கொண்டு மாதக்கணக்கில் தவிப்பது உண்டு. முந்தைய ஆய்வுகளைப் படிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஒருவர் பிழை என்று தள்ளிவைத்த எண்ணில் இன்னொருவருக்குக் கேள்வி கிடைக்கலாம்.

அடுத்தது கருதுகோள், அதாவது சோதித்துப் பார்க்கப்போகும் ஊகம். காலம் போவதால்தான் மறக்கிறோம் என்றால், தூங்கினாலும் விழித்திருந்தாலும் 8 மணி நேரத்தில் ஒரே அளவு மறக்க வேண்டும். விழித்திருக்கும்போது வந்து குவியும் புது அனுபவங்கள்தான் பழையதை அழிக்கின்றன என்றால், தூங்கியவர் குறைவாக மறக்க வேண்டும். இரண்டு விளக்கங்களும் இந்த இடத்தில் பிரிகின்றன. முடிவு எப்படி வந்தாலும் ஒன்றுக்கு அடி விழும். எந்த முடிவு வந்தாலும் 'நான் அப்போதே சொன்னேனே' என்று சொல்ல இடம் தரும் கருதுகோளால் பயனில்லை. தோற்கவும் வாய்ப்புள்ள கருதுகோளுக்குத்தான் சோதனை தேவை.

சரி, 'நினைவு' என்பதை எப்படி அளப்பது? அவர்கள் 10 அசைகள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, 1, 2, 4, 8 மணி நேரம் கழித்து எத்தனையைச் சொல்ல முடிகிறது என்று எண்ணினார்கள். மனதுக்குள் இருக்கும் ஒன்றை எண்ணக்கூடிய செயலாக மாற்றும் இந்த வேலைக்குச் செயல்முறை வரையறை என்று பெயர். ஆய்வாளர் மாற்றிப் பார்ப்பது (தூக்கமா, விழிப்பா) சாரா மாறி. அதனால் மாறுகிறதா என்று அளப்பது (சொன்ன அசைகளின் எண்ணிக்கை) சார்ந்த மாறி. பொருளற்ற அசைகளை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. உண்மையான சொற்கள் என்றால் ஒருவருக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. அசைகள் எல்லோருக்கும் புதிது. அளவீடு நிலையாக இருக்கும். அதுதான் நம்பகத்தன்மை. ஆனால் ஒரு முகத்தையோ கவிதையையோ நினைவில் வைப்பதும் இதுவும் ஒன்றா? நாம் அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்ற இந்தக் கேள்விக்கு ஏற்புடைமை என்று பெயர். நம்பகத்தன்மையைக் கூட்டப் போனால் பல நேரம் ஏற்புடைமை கொஞ்சம் குறையும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடிவு தெளிவாக வந்தது. 8 மணி நேரம் விழித்திருந்தால் 10 அசைகளில் சராசரியாக ஒன்றுதான் மிஞ்சியது. தூங்கி எழுந்தால் 5-க்கும் சற்று மேல். தூக்கத்தில் முதல் 2 மணி நேரத்துக்குப் பிறகு மறதி ஏறக்குறைய நின்றேபோனது. எபிங்ஹாஸின் எண்களில் தெரிந்த அதே நிதானம்.

இப்போது குறைகளுக்கு வருவோம். தூக்கத்துக்கான பட்டியல்களை இரவில் மனப்பாடம் செய்தார்கள், விழிப்புக்கானவற்றைக் காலையில். அப்படியானால் வித்தியாசம் தூக்கத்தால் வந்ததா, இரவில் படித்ததால் வந்ததா? இரண்டும் சேர்ந்தே மாறியதால் இந்தச் சோதனைக்குள் நின்றுகொண்டு பிரிக்க முடியாது. இப்படி ஒட்டிக்கொண்டு வருவதைக் குழப்பும் மாறி என்கிறார்கள். ஆய்வுகள் தவறான முடிவுக்குப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை நான் அறியேன். கணக்கில் பிழை இருந்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள். குழப்பும் மாறி இருக்கும் ஆய்விலோ கணக்கு சரியாகவே இருக்கும்.

மருத்துவ ஆய்வுகள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டன. 1948-இல் பிரிட்டனில் வெளியான காசநோய் ஆய்வில் 107 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, பிரித்தார்கள். யாருக்கு ஸ்ட்ரெப்டோமைசின், யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பது மூடிய உறைக்குள் இருந்தது. மருத்துவரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. வயது, உடல்வலிமை, இன்னும் நமக்குத் தெரியாத எத்தனையோ மாறிகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகச் சிதறும். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். பெறாத 52 பேரில் 14 பேர். மருந்தை ஒரு பகுதியினருக்குக் கொடுக்காமல் விடுவது நியாயமா என்று மனம் கேட்கும். எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு அப்போது மருந்தே கைவசம் இல்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்தது வேறு. மேகநோய் (சிபிலிஸ்) இருந்த கறுப்பின ஆண்களிடம் உண்மையை மறைத்து, பென்சிலின் கிடைத்த பிறகும் கொடுக்காமல் நோயின் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் கிடைத்த எந்தத் தகவலும் அந்தக் கொடுமைக்கு ஈடாகாது. விவரம் சொல்லி ஒப்புதல் பெறுவது ஆய்வின் முதல் நிபந்தனை.

அந்தக் காசநோய் ஆய்வில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு, எந்தப் படம் எந்தக் குழுவினுடையது என்று தெரியாது. இது ஏன் முக்கியம் என்பதற்குப் பிரான்சின் நான்ஸி நகரில் நடந்த ஒன்று போதும். 1903-இல் ரெனே புளோந்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர் 'என்-கதிர்கள்' என்ற புதுக் கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். இருட்டறையில் மங்கிய ஒளி சற்றுப் பிரகாசமாவதைக் கண்ணால் பார்ப்பதுதான் அளவீடு. அடுத்த ஆண்டு அங்கே போன அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கதிர்களைப் பிரிப்பதற்காகக் கருவியில் வைத்திருந்த அலுமினியப் பட்டகத்தை இருட்டில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அளவீடுகள் மாறாமல் வந்துகொண்டே இருந்தன. புளோந்லோ பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்ததை அவர் உண்மையிலேயே கண்டார். எதிர்பார்ப்பு கண்ணை அந்த அளவுக்கு ஆள்கிறது. அதனால்தான் அளப்பவரிடமிருந்தே விடையை மறைக்கிறோம்.

அப்புறம் மாதிரி, அதாவது சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஆட்கள். ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் சோதித்தது இரண்டே மாணவர்களை. அதே ஆளைத் தூக்கத்திலும் விழிப்பிலும் பலமுறை ஒப்பிட்டதால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு தொல்லை தரவில்லை. ஆனாலும் இருவரை வைத்து மனித இனத்தைப் பற்றிப் பேச முடியாது. எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் அங்குள்ள லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகளை எடுத்த இடம் தொலைபேசிப் பட்டியலும் கார் உரிமையாளர் பட்டியலும், அதாவது பெரும்பாலும் வசதியானவர்களின் பட்டியல். திருப்பி அனுப்பியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள்.

1924-இல் படித்த நேரம் குழப்பியது என்று இன்று நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணம், எப்போது படித்தார்கள் என்பதை அவர்களே எழுதிவைத்ததுதான். பின்னால் வந்தவர்கள் அந்த இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். எல்லோரையும் நண்பகலில் ஒரே நேரத்தில் படிக்க வைத்து, சமவாய்ப்பு முறையில் பாதிப் பேரைத் தூங்கவும் மீதிப் பேரை விழித்திருக்கவும் விட்டு, மாலையில் ஒரே நேரத்தில் சோதித்தால் படித்த நேரத்தின் குழப்பம் விலகிவிடும். இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றிலும் தூங்கியவர்களுக்கே கூடுதலாக நினைவில் நின்றது. தூக்கம் நினைவைப் புது அனுபவங்களிலிருந்து காக்க மட்டும் செய்கிறதா, அல்லது அந்த நேரத்தில் மூளை அதை வலுப்படுத்தவும் செய்கிறதா என்பதை 1924-இன் எண்கள் பிரித்துச் சொல்லாது. இரண்டு விளக்கத்துக்கும் அவை பொருந்துகின்றன. இரண்டும் எங்கே பிரியும் என்று தேடித்தான் அடுத்த சோதனையை வடிவமைக்க வேண்டும்.