கன்கஷன்: மூளையதிர்வு

ஃபுட்சால் ஆட்டத்தில் தலையோடு தலை மோதிக்கொண்ட பையனைக் கோலாலம்பூரில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால், டாக்டர் 'கன்கஷன்' என்பார். தாதி மலாயில் 'கெகாரான் ஒத்தாக்' என்பார். வீட்டில் பாட்டிக்குச் சொல்லத்தான் தமிழ்ச்சொல் வராது. "மண்டையில அடி, ஸ்கேன்ல ஒன்னும் இல்லையாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கன்கஷனுக்கு மூலம் லத்தீனில் 'கொன்குட்டெரே', பலமாகக் குலுக்குதல். தாளக்கருவிகளைச் சொல்லும் 'பெர்கஷன்' அதற்கு உறவுமுறை. மலாய் 'கெகார்' என்பதும் அதிர்வதுதான். நிலநடுக்கச் செய்தியிலும் அந்தச் சொல் வரும்.

தமிழில் 'மூளை அதிர்ச்சி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அதிர்ச்சி என்றதும் சாவுச் செய்தியும் கரண்ட் ஷாக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. பிள்ளை பயந்துவிட்டது, மந்திரித்துக் கயிறு கட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். 'மூளைக்காயம்' ரொம்ப அகலம். ரத்தக்கசிவும் அதில் அடங்கும். 'மூளையதிர்வு' நடந்ததை நடந்தபடி சொல்கிறது.

நடப்பது இதுதான்: தலை சட்டென்று நிற்கும்போதோ திரும்பும்போதோ மண்டையோட்டுக்குள் மூளை ஆடுகிறது. நரம்பணுக்களின் உப்புச் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்யக் கூடுதல் சக்தி வேண்டியிருக்கும் நேரத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. எதுவும் உடையாததால் சிடி ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே வரும். தலையில் அடிபடாமல், உடம்பில் படும் பலமான மோதலாலும் இது வரலாம். மயக்கம் போட்டே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலோர் நினைவோடுதான் இருப்பார்கள். மோட்டார் ஹெல்மெட்டைக் கட்டாயம் போடுங்கள், ஆனால் அது மண்டையோட்டைக் காக்கும் அளவுக்கு உள்ளே நடக்கும் ஆட்டத்தைத் தடுக்காது.

தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சக் கூச்சம், தூக்கக் கோளாறு, சிடுசிடுப்பு, பாடத்தில் மந்தம். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு இதெல்லாம் வந்தால் நம் வீடுகளில் முதலில் கிடைப்பது 'சோம்பேறி' என்ற பட்டம்.

அடிபட்ட அன்று திரும்ப ஆட விடக்கூடாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, கைப்பேசியும் குறைவாக. அப்புறம் மெல்ல நடக்கலாம், இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைப்பது பழைய பழக்கம். முதலில் பள்ளி, பிறகு படிப்படியாக விளையாட்டு, மோதல் உள்ள ஆட்டத்துக்கு டாக்டர் சம்மதித்த பின்பே. ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாக, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுவார்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, எழுப்பினாலும் எழாத தூக்கம்: இதில் ஒன்று இருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள்.