ஜெரிமாண்டர்: சொல்லும் அதற்குரிய தமிழும்

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தமிழில் படிக்கும்போது, ‘ஜெரிமாண்டரிங்’ என்ற சொல் ‘தொகுதி மறுவரையறை’ என்று பெயர்க்கப்பட்டிருப்பதைப் பல இடங்களில் காண்கிறேன். இது பொருந்தாத பெயர்ப்பு. மறுவரையறை என்பது மக்கள்தொகை மாறுவதற்கேற்பத் தொகுதிகளின் எல்லையைத் திருத்துகிற இயல்பான அரசுப் பணி. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் அது நடந்தே ஆக வேண்டும். அந்தப் பணியைக் கையில் வைத்திருப்பவர்கள், தங்கள் தரப்பு வெல்வதற்கென்றே எல்லைக் கோட்டை வளைத்து நெளித்துப் போடுவதுதான் ஜெரிமாண்டர். கடமைக்கு உரிய பெயரைச் சூதுக்குக் கொடுத்துவிட்டால், சூது நடந்ததே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

இச்சொல்லுக்குப் பிறந்த ஆண்டும் ஊரும் உண்டு. 1776ஆம் ஆண்டின் விடுதலைச் சாற்றுரையில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான எல்பிரிட்ஜ் கெர்ரி, 1812இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்தார். மாநில மேலவைத் தொகுதிகளைத் தம் கட்சியான ஜனநாயகக் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக மாற்றியமைத்த சட்டத்துக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் ஒப்புதல் அளித்தார். அவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மருமகன் குறிப்பிடுகிறார். ஆனாலும் கையெழுத்து அவருடையது. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் அப்படி உருவான ஒரு தொகுதி, கடலோரத்தில் தொடங்கி மேற்கே ஏறி, வடக்கே சுற்றி வளைந்து, சால்ஸ்பரி என்ற ஊரில் போய் முடிந்தது. 1812 மார்ச் 26 அன்று ‘பாஸ்டன் கெஜட்’ இதழ் அந்த வரைபடத்தை அப்படியே எடுத்து, சால்ஸ்பரியைத் தலையாக்கி, நகங்களும் சிறகுகளும் வரைந்து, ஒரு கொடிய விலங்காக அச்சிட்டது. படத்துக்கு இட்ட பெயர் ‘கெர்ரிமாண்டர்’. ஆளுநரின் பெயரோடு, சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற நீர்நில வாழ்வியின் பெயரிலிருந்து பின்பாதியை வெட்டி ஒட்டியதால் கிடைத்த சொல் இது.

அந்த ஆண்டுத் தேர்தல் முடிவைப் பார்த்தால் கேலிச்சித்திரத்தின் கோபம் புரியும். எதிர்த்தரப்பான ஃபெடரலிஸ்ட் கட்சி மேலவைத் தேர்தலில் 51,766 வாக்குகளும் கெர்ரியின் கட்சி 50,164 வாக்குகளும் பெற்றன. ஆனால் குறைந்த வாக்குப் பெற்ற கட்சிக்கு 29 இடங்கள், கூடுதல் வாக்குப் பெற்ற கட்சிக்கு 11 இடங்கள். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக அமைந்த ஆளுநர் தேர்தலில், கோடு எதுவும் துணைக்கு வராத நிலையில், கெர்ரி தோற்றார். பின்னர் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரான அவர், 1814இல் பதவியில் இருக்கும்போதே காலமானார். அவர் பெயரின் முதலெழுத்தை வல்லோசையோடு ‘கெ’ என்றே ஒலிக்க வேண்டும். சொல் பரவியபோது அது ‘ஜெ’ ஆகிவிட்டது. தமிழிலும் ‘ஜெரிமாண்டர்’ என்றே புழங்குகிறோம்.

இந்தச் சூது எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். ஓர் ஊரில் 15 வாக்காளர்கள் இருக்கிறார்கள். 9 பேர் மஞ்சள் கட்சி, 6 பேர் நீலக் கட்சி. ஐந்து பேருக்கு ஒரு தொகுதியாக மூன்று தொகுதிகள் வகுக்க வேண்டும். கோடு போடுகிறவர் நீலக் கட்சிக்காரர் என்றால், மஞ்சளின் ஐந்து பேரை முதல் தொகுதியில் மொத்தமாக அடைத்துவிடுவார். மீதமுள்ள நான்கு பேரை இரண்டிரண்டாக உடைத்து, அடுத்த இரு தொகுதிகளிலும் மூன்று நீலத்தோடு சேர்த்துவிடுவார். சிறுபான்மையான நீலம் இரண்டு தொகுதிகளில் வெல்லும். அமெரிக்கர்கள் தனித்தனிப் பெயர் சொல்லி விவாதிக்கும் இவ்விரு உத்திகளையும் தமிழில் ‘அடைத்தல்’, ‘உடைத்தல்’ என்றே சொல்லலாம். எதுகையோடு நினைவிலும் நிற்கும்.

இனி, முழுச் செயலுக்கும் உரிய சொல். சாலமாண்டரைத் தமிழுக்குக் கொண்டுவர இயலாது. இந்தியாவில் அவ்வுயிரி டார்ஜிலிங், மணிப்பூர் போன்ற வடகிழக்குப் பக்க மலைப் பகுதிகளில்தான் வாழ்கிறது, நமக்கு அதற்கென்று ஒரு நாட்டுப் பெயர் கூட இல்லை. ‘மறுசீரமைப்பு’ என்ற சொல்லோ சீர் செய்வதாகப் பொருள் தந்து, நேர்மாறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. தவிர, மறுவரையறை, மறுசீரமைப்பு ஆகிய இரண்டும் நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் இடங்கள் குறையுமோ என்ற நம் விவாதத்துக்கு உரியவையாகிவிட்டன. அந்த விவாதம் இடங்களின் எண்ணிக்கையைப் பற்றியது, தொகுதியின் வடிவத்தைப் பற்றியது அன்று.

என் பரிந்துரை ‘தொகுதித் திரிப்பு’. திரித்தல் என்ற வினை முறுக்குதலையும் வளைத்தலையும் குறிக்கிறது. உண்மையைத் திரித்தல், வரலாற்றுத் திரிப்பு என்னும்போது உள்நோக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. பால் திரிந்தது என்றால் கெட்டுப்போனது என்று பொருள். கோணிய வடிவம், கெட்ட நோக்கம், கெட்டுப்போன விளைவு ஆகிய மூன்றும் ஒரே வேரில் அடங்கிவிடுகின்றன. ‘தொகுதியைத் திரித்தார்கள்’, ‘திரித்த தொகுதி’ என்று தடையின்றிப் புடைபெயரவும் செய்கிறது.

ஒரேயோர் இடத்தில் இது போதாது. அலபாமா மாநிலச் சட்டமன்றம் 1957இல், ஏறக்குறைய சதுரமாக இருந்த டஸ்கீகி நகரின் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட உருவமாக மாற்றியது. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேரைத் தவிர எல்லாரும் நகருக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளையர் ஒருவர்கூட வெளியேறவில்லை. இன அடிப்படையில் வாக்குரிமையைப் பறிக்கும் இத்தகைய எல்லை செல்லாது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே திரிக்கப்பட்டது தொகுதி அன்று, நகரம். ஆகவே அதுபோன்ற நேர்வுகளுக்கு ‘எல்லைத் திரிப்பு’ என்று எழுதுவதே சரி.