ஃபேனுக்கு 'டைரக்ட்' கொடுக்கச் சொல்லாதீர்கள்

கோடை முழுவதும் இன்ஜின் சூடேறி எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்படும் கார்கள் பலவற்றில், பானெட்டைத் திறந்தவுடனேயே காரணம் கண்ணில் பட்டுவிடுகிறது. ரேடியேட்டர் ஃபேனின் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்கை) யாரோ வெட்டியெறிந்துவிட்டு, 'டைரக்ட்' என்று நேராக ஒரு வயரை இழுத்துக் கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்திருப்பார்கள். அண்மையில் வந்த வண்டி, வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலையில் ஏறும்போது நின்றுபோனது. பாட்டுப்பெட்டிக்குப் போகும் மெல்லிய வயரிலிருந்து அதன் ஃபேனுக்கு இணைப்பு எடுத்திருந்தார்கள். வயர் உருகி ஃபேன் நின்றது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தொட்ட பிறகும், அடுத்த வளைவில் நிழல் இருக்கும் என்று உரிமையாளர் ஓட்டியிருக்கிறார். இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் போய்விட்டது. முதலில் பழுதாகியிருந்ததோ, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ரிலே (சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) மட்டும்தான்.

"நம்ம ஊர் வெயிலுக்கு ஃபேன் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் இன்ஜின் கூலா இருக்கும்" என்று வாடிக்கையாளர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கவே கூடாது. ஏறத்தாழ 90 டிகிரி வெப்பத்தில் இயங்குவதற்காகத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கத் தொடங்கும். அதுவரை இன்ஜினுக்குள் இருக்கும் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டர் பக்கமே வராது. ஃபேன் குளிர்விப்பது ரேடியேட்டரைத்தான் என்னும்போது, வால்வு மூடியிருக்கையில் அது எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இன்ஜினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வால்வு திறந்த பிறகும், ரிங் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதுமானது. மதுரைக் காளவாசல் சிக்னலில் நிற்கும்போதும், அழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் தல்லாகுளம் பக்கம் ஊர்ந்து செல்லும்போதும், மலைப்பாதையில் இரண்டாவது கியரில் முக்கி ஏறும்போதும், ஏசி போட்டிருக்கும்போதும்தான் ஃபேனுக்கு வேலை இருக்கிறது. வெளியில் 40 டிகிரி அடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதையும் தாண்டி, "வால்வே வேண்டாம், கழற்றிவிடுங்கள்" என்பவர்களும் உண்டு. வால்வையும் எடுத்துவிட்டு ஃபேனையும் ஓயாமல் ஓடவிட்டால், இன்ஜின் தன் வெப்பநிலைக்கு வந்து சேர நெடுநேரம் ஆகும்; அதுவரை பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் எரிபொருள் கலக்கும், சிலிண்டரும் பிஸ்டன் ரிங்கும் தேயும். மைலேஜ் குறைந்துவிட்டதென்று பிறகு அவர்களே வந்து நிற்கிறார்கள். ஓயாமல் ஓடும் ஃபேன் மோட்டாரின் கார்பன் பிரஷ் விரைவில் தேய்ந்து, ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஃபேன் நின்றதைச் சொல்லத் தனியாக விளக்கு எதுவும் எரியாது. முள் ஏறினால்தான் தெரியவரும்.

இனி வயரிங். சிறிய கார்களில் இந்த ஃபேன் ஓடும்போது 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். சுற்றத் தொடங்கும் நொடியில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். டேஷ்போர்டு சுவிட்சும் இக்னிஷன் வயரும் இந்தச் சுமையைத் தாங்கா. ரிலேயை இயக்கும் அதன் காயிலுக்கோ (கம்பிச்சுருளுக்கோ) கால் ஆம்பியர்கூடத் தேவைப்படாது. ஆகவே சிறிய மின்சாரம் காயிலை இயக்கட்டும், பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வரட்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அதிலிருந்து ரிலேயின் 30 என்ற எண் உள்ள முனைக்கு, அதன் 87-ஆம் முனை ஃபேனுக்கு. 86 இக்னிஷன் லைனுக்கு, 85 ரேடியேட்டரில் உள்ள தெர்மோ சுவிட்ச் (சூடு ஏறினால் இணைப்பு கொடுக்கும் சுவிட்ச்) வழியாக எர்த்துக்கு. பழைய வண்டிகளில் இவ்வளவுதான் வேலை. ஐந்து பின் உள்ள ரிலேயில் 87ஏ என்றொரு முனை இருக்கும். ஃபேன் வயரை அதில் மாட்டினால் எல்லாம் தலைகீழாகி, ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் நிற்கும்.

இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள வண்டிகளில் அந்த 85 லைனை வெட்டாதீர்கள். அவற்றில் ஃபேன் விடாமல் ஓடினால் வெப்பநிலை சென்சாரின் கப்ளரை முதலில் பாருங்கள்; சென்சார் லைன் அறுந்தால், பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும்படி பல வண்டிகளின் இசியு அமைக்கப்பட்டிருக்கிறது.

வயரில் கஞ்சத்தனம் கூடாது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 4 மீட்டர் நீளம் ஓடி 15 ஆம்பியர் தாங்கினால், ஏறத்தாழ 1 வோல்ட் அந்த வயரிலேயே சூடாக வீணாகும். 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். பெரிய ஃபேனுக்கு 4. வீடு கட்டியதில் மிஞ்சிய வயரைக் கொண்டுவந்து நீட்டுபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: அதன் பிவிசி உறை பொதுவாக 70 டிகிரிக்கானது, இன்ஜின் அறையின் சூட்டுக்கானது அன்று.

ஃபியூஸ் இருப்பது வயரைக் காக்க, மோட்டாரைக் காக்க அன்று. 20 ஆம்பியர் ஃபியூஸ் போகிறதென்று 30 போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் வயருக்குத் தீ வைக்கும் வேலை. அடிக்கடி ஃபியூஸ் போனால் மோட்டார் இறுகியிருக்கிறதா என்று இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஃபேன் மெதுவாகச் சுற்றினால், பெயின்டைச் சுரண்டாமல் எர்த் லக்கை (எர்த் வயரின் முனையை) முறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். கப்ளர் மாற்றிய பிறகு காற்று இன்ஜின் பக்கம் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றி எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும்.

தொழிலில் புதிதாக இறங்கும் தம்பிகளிடம் கெஞ்சியே கேட்கிறேன். அவசரத்தில் வரும் வண்டியை அனுப்பிவைக்க ஒருநாள் நேரடி இணைப்பு கொடுக்க நேரலாம். அப்போதும் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்து, மறுநாள் சரிசெய்ய வேண்டுமென்று உரிமையாளரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஓட்டுநர்களுக்கு: முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள், நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள், இடம் கிடைத்தவுடன் இன்ஜினை அணைத்துவிடுங்கள். கூலண்ட் வடிந்துபோன வண்டியில் சென்சார் காற்றில் நிற்பதால் முள் பொய் சொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கும் இன்ஜின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், போர் தண்ணீரை ரேடியேட்டரில் நிரப்பாதீர்கள். ஃபேன் அருகே கையைக் கொண்டுபோவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றத் தொடங்கும்.