குடியை விட்ட பிறகு கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லாதீர்கள்

சென்ற கிழமை ஓர் இரவு, மேசன் வேலை செய்யும் ஒருவரை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். வலிப்பில் நாக்கைக் கடித்திருந்தார். மனைவியின் கையிலிருந்த சொப்பிங் பையில் அவருடைய கிளினிக் கொப்பி இருந்தது. அதன் பின்னட்டையில், குடியிலிருந்து மீள முயல்பவர்கள் கூடும் இடத்தையும் நேரத்தையும் மூன்று மாதங்களுக்கு முன் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். "கூட்டத்துக்குப் போறதெண்டால் முதல்ல குடியை விட்டிட்டுத்தான் போகவேணும் எண்டு முந்தநாள் நிப்பாட்டினவர், டொக்டர்" என்றார் மனைவி. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், காரணத்தை மாற்றவில்லை. இந்தக் காரணத்தோடு இந்த வருடம் என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காமவர்.

கூட்டத்துக்கு வருவதற்கு நீங்கள் குடியை விட்டிருக்க வேண்டியதில்லை. விட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். உலகெங்கும் இத்தகைய கூட்டங்களுக்கு முன்மாதிரியாக விளங்கும் அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் அமைப்பு உறுப்பினராவதற்கு வைத்திருக்கும் ஒரே நிபந்தனை அதுதான், கட்டணமும் இல்லை. அந்த அமைப்பு தொடங்கிய கதையே இதற்குச் சான்று. 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்பவர், மீண்டும் குடித்துவிடுவோமோ என்ற பயத்தில், தன்னைப் போன்ற இன்னொருவருடன் பேசத் தேடிப்போய்ச் சந்தித்தவர் பொப் சிமித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். அந்த வைத்தியர் அப்போது குடித்துக்கொண்டுதான் இருந்தார். சந்தித்த பின்னும் ஒருமுறை தவறினார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10 ஆம் திகதியையே அமைப்பின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். தவறிய வைத்தியருக்கு அங்கே கதிரை இருந்ததென்றால், மாரிப்போக அருவிவெட்டுக் காசு கையில் வந்த அன்று தவறணைப் பக்கம் போய்விட்ட உங்களுக்கும் இருக்கிறது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தும், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தும் தவறியவர்கள், இனி யார் முகத்தில் விழிப்பது என்று ஒளிந்துகொள்கிறார்கள். சத்தியம் முறிந்த மறுநாள்தான் கூட்டம் உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நாள்.

அதே மூச்சில் இதையும் சொல்கிறேன்: நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர், அதிலும் காலையில் கை நடுங்கிக் குடித்தால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், வீட்டில் தானாகத் திடீரென நிறுத்தக்கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணித்தியாலத்திலிருந்து 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் மூன்றாம் நாள்களில் மனம் குழம்பி, இல்லாதவற்றையெல்லாம் கண்டு பதறும் நிலை வரலாம்; அது உயிரையே எடுக்கக்கூடும். வைத்தியசாலையில் மருந்தும் விற்றமின் பி1 உம் கொடுத்து, கண்காணிப்புடன் சில நாள்களில் இதைத் தாண்ட வைக்கிறோம். இன்னொன்று: குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க, குடியை நிறுத்துவதற்கான மருந்து எழுதித் தரும்படி கேட்டு வராதீர்கள். அந்த மருந்து உடலில் இருப்பது தெரியாமல் ஒருவர் கசிப்போ சாராயமோ குடித்தால் என்ன ஆகும் என்பதை விடுதியில் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கேளுங்கள். அங்கே போவதற்குத் தயங்குபவர்கள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம், அல்லது தேசிய உளநல உதவி இலக்கமான 1926 ஐ அழைக்கலாம். தமிழில் இணையவழியாக நடக்கும் கூட்டங்களும் உண்டு. ஊருக்குள் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள் என்ற கூச்சம் எனக்கு விளங்குகிறது. கிளிநொச்சியில் இருப்பவர் வவுனியாவுக்குப் பஸ் ஏறலாம். அதில் தவறேதும் இல்லை. அங்கே முழுப்பெயரையோ தொழிலையோ ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டதை வெளியே கொண்டுபோவதும் இல்லை.

நான் அறிந்த கூட்டம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் நடக்கிறது. பிளாஸ்ரிக் கதிரைகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள்; பிளேன்ரீயும் ஒரு தட்டில் சீனியும் இருக்கும். புதிதாக வருபவர் பெரும்பாலும் வாசலோரக் கதிரையில், ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி, எழுந்து போவதற்கு ஆயத்தமாகவே இருப்பார். அவரைப் பேசும்படி ஒருவரும் வற்புறுத்துவதில்லை. ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு, எனக்கு ஒத்துவராது என்று சொல்லாதீர்கள். ஐந்தாறு தடவையாவது போங்கள். 2009 இன் நினைவுகள் தூங்க விடாததால் குடிக்கிறேன் என்பவர்கள் அதற்கான சிகிச்சையையும் எங்களிடம் சேர்த்தே பெறவேண்டும். கூட்டம் அதற்கு ஈடாகாது. மனைவிமாரே, தாய்மாரே, அவரைப் பத்துப் பேர் முன்னிலையில் ஏசி இழுத்துக்கொண்டு வராதீர்கள், தயவுசெய்து. வாசல்வரை கூட வந்தால் போதும்.

மேசன் தொழிலாளி நாளைக்கு விடுதியிலிருந்து வீட்டுக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டத்துக்கு ஏற்றிச்செல்ல, ஏழு வருடங்களாக அங்கே வரும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.