நிவாரண வண்டியில் பால் பொடி ஏற்றாதீர்கள்

போன வாரம் வந்த பிள்ளைக்கு வயது மூன்று மாதம், எடை நாலரைக் கிலோ. ஆற்றோரத் தெருவில் தண்ணீர் ஏறியதால் குடும்பத்தோடு ஒரு கல்யாண மண்டபத்தில் ஆறு நாள் தங்கியிருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்திருக்கிறது. நான்காம் நாள் யாரோ சொன்னார்கள் என்று, வயிற்றில் சிக்கியதை வெளியே எடுப்பதாகச் சொல்கிற நாட்டு வைத்தியரிடம் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆறாம் நாள் என்னிடம் வந்தபோது உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. மூன்றாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது.

கூட வந்த ஆச்சியின் கையில் ஒரு ஒயர் கூடை. அதற்குள் ஒரு பால் புட்டி, இரண்டு பால் பொடி டின். ஒன்று காலி, ஒன்று பாதி. புட்டியின் ரப்பர் காம்பை வாங்கிப் பார்த்தேன். பால் வேகமாக இறங்க வேண்டும் என்று ஊசியைச் சூடு பண்ணி ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தார்கள். ஓட்டையைச் சுற்றி மஞ்சளாகப் பாசி மாதிரி ஒரு படலம்.

“தாய்ப்பால் கொடுக்கலையா ஆச்சி?”

“வெள்ளத்தப் பாத்த அதிர்ச்சில இவளுக்குப் பால் வத்திட்டு டாக்டரம்மா. நல்லவேளை, மறுநாளே வேன்ல டின்னு கொண்டாந்து குடுத்தாவ.”

இந்த இரண்டு வாக்கியங்களை 2023 டிசம்பரிலிருந்து எத்தனை வாயால் கேட்டுவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் முழுக்க ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆற்றில் இருந்த உறைகிணறுகள் பாழாகி, சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பல ஊர்கள் தவித்தன. அந்த நேரத்தில்தான் எங்கெங்கிருந்தோ நல்ல மனசுக்காரர்கள் வண்டி வண்டியாகப் பால் பொடி கொண்டுவந்து இறக்கினார்கள். தண்ணீரே இல்லாத இடத்துக்குத் தண்ணீரில் கலக்க வேண்டிய சாப்பாடு! ஒரு மாதத்துக்கு வார்டில் கட்டில் காலியாகவே இல்லை.

சரி, இந்தப் பால் வற்றுகிற கதைக்கு வருவோம். அதிர்ச்சியில் தாய்ப்பால் வற்றாது. பயந்த நேரத்தில் பால் இறங்குவது கொஞ்சம் தடைப்படும், அவ்வளவுதான். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாய்தான் சற்று அடைத்துக்கொண்டது. பிள்ளையை மார்போடு அணைத்துத் திரும்பத் திரும்பச் சப்பவிட்டால் குழாய் தானாகத் திறக்கும். சில மணி நேரத்தில் திறக்கும், போனால் ஒரு நாள். அந்த ஒரு நாளில் கையில் புட்டியைக் கொடுத்துவிட்டால்தான் பால் உண்மையிலேயே குறைய ஆரம்பிக்கும். பிள்ளை சப்பினால்தான் பால் ஊறும். இரண்டு மூன்று நேரம் கறக்காமல் விட்ட மாடு என்ன ஆகும் என்று வீட்டில் மாடு வைத்திருந்த ஆச்சிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டுக்குத் தெரிந்த நியாயத்தை மருமகளுக்கு மட்டும் ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்?

“அவளே ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல, பால் எங்கேருந்து வரும்?” என்பது அடுத்த கேள்வி. வரும். இரண்டு நாள் அரை வயிறு சாப்பிட்ட தாய்க்கும் பிள்ளைக்குப் போதுமான பால் ஊறும். அவள் உடம்பு தேய்ந்தாவது பாலைக் கொடுத்துவிடும். அது நியாயமில்லை என்பதால்தான் தாய்க்கு முதல் பந்தியில் சோறு போடுங்கள் என்று கத்துகிறேன். அவளுக்கு நீங்கள் போடுங்கள், பிள்ளைக்கு அவள் போட்டுக்கொள்வாள். “பயந்துபோய்க் கொடுத்த பால் பிள்ளைக்கு ஆகாது”, “மழையில் நனைந்தவள் பால் கொடுத்தால் பிள்ளைக்குச் சளி கட்டும்” என்பதெல்லாம் இதே கதையின் கிளைகள். எதுவும் உண்மையில்லை.

மூன்றாம் நாள் பிள்ளை கொஞ்சம் தெளிந்த பிறகு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். வயது இருபத்திரண்டு, முதல் பிரசவம். “மண்டபத்துல எங்க உக்காந்து குடுக்க டாக்டர்? சுத்தி ஆம்பளையாளுவ. ஆளாளுக்குப் போன வச்சு வீடியோ எடுத்துட்டுத் திரியுதாவ. ராத்திரி எல்லாரும் தூங்குன பொறவு ஒரு தடவ குடுத்தேன்.” பகல் முழுக்கக் கொடுக்கவில்லை. மார் கட்டி வலித்திருக்கிறது. கழிப்பறை மண்டபத்தின் பின்னால், வெளிச்சமில்லாத இடத்தில் இருந்ததால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டாள். ஆச்சி இதைத்தான் அதிர்ச்சி என்று சொன்னார். அந்த மண்டபத்தில் மணமகள் அறை என்று ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அதில் நிவாரண மூட்டைகள் அடுக்கியிருந்தார்களாம்.

பொடி விஷயத்தில் ஆச்சியைத் திட்டிப் பயனில்லை. முதல் டின் நாலு நாளில் தீரப்போகிறது என்றதும் அளவைக் குறைத்து, தண்ணீரை அதிகமாக்கி ஓட்டியிருக்கிறார். எந்த வீட்டிலும் இதுதான் நடக்கும். பொடி கிருமியில்லாத பொருள் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். இல்லை. மூடிய டின்னுக்குள்ளும் கிருமி இருக்கலாம். அதனால்தான் குறைந்தது 70 டிகிரி சூடுள்ள தண்ணீரில் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மண்டபத்தின் மூலையில் அடுப்புக்கு எங்கே போவார் ஆச்சி?

2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு கணக்கெடுத்துப் பார்த்தார்கள். நன்கொடைப் பால் பொடி கிடைத்த குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்கு வயிற்றுப்போக்கு. கிடைக்காதவர்களில் சுமார் 12 பேருக்கு. நிவாரணம் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு நோய்!

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1992-ல் வந்த குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள், பால் புட்டிகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2003-ல் அதை இன்னும் இறுக்கி, இரண்டு வயது வரைக்குமான பொருட்களைச் சேர்த்தார்கள். அதன்படி பால் பொடியையும் புட்டியையும் யாரும் நன்கொடையாகக் கொடுக்கவோ விநியோகிக்கவோ கூடாது. ஆதரவற்றோர் இல்லங்களுக்கு மட்டும் விலக்கு. ‘யாரும்’ என்றால் கம்பெனிக்காரர்கள் மட்டுமில்லை, ரசிகர் மன்றம், கல்லூரி மாணவர்கள், நம் தெருச் சங்கம் எல்லோரும்தான். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. நல்லது செய்ய வந்தவரைப் பிடித்து உள்ளே போடச் சொல்லவில்லை நான். முகாமைப் பார்த்துக்கொள்கிற அலுவலருக்கு இது தெரிந்திருந்தால் வேனை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பாரே என்றுதான் வயிறு எரிகிறது. எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். முகாமுக்குப் போன மருத்துவக் குழுவே சீட்டில் டின் எழுதிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பேதிக்கு மருந்தும் அதே சீட்டில்.

அரசு விதிமுறையிலும் ஓட்டை இருக்கிறது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் வெளியிட்ட குறைந்தபட்ச நிவாரணத் தரங்களில் 30 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர் என்று நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு வரும்போது பெரியவருக்கு 2,400 கலோரி, குழந்தைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் 1,700 கலோரி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நாலு மாதப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 600 கலோரியே தாராளம்! ஐந்தாம் வகுப்புப் பையனையும் பால்குடிப் பிள்ளையையும் ஒரே தட்டில் உட்காரவைத்தால் கீழே முகாம் நடத்துகிறவர் என்ன செய்வார்? நான் பார்த்த முகாம் நோட்டுகளில் ‘பெரியவர்’, ‘சிறியவர்’ என்று இரண்டே கட்டங்கள்தான். இரண்டு வயதுக்குக் கீழே எத்தனை பேர், பாலூட்டுகிறவர்கள் யார், கர்ப்பிணிகள் யார் என்று மூன்று கட்டம் கூடப் போட்டால் போதும். பாதி வேலை முடிந்தது.

அதற்குப் புதிதாகக் கணக்கெடுக்கவும் வேண்டாம். அங்கன்வாடி டீச்சரின் பதிவேட்டில் அந்தத் தெருவின் ஒவ்வொரு பிள்ளையும் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் ஒவ்வொரு கர்ப்பிணியின் பிக்மி எண்ணும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) பேறுகாலத் தேதியும் இருக்கின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நல்ல பழக்கம் நம் மாநிலத்தில் உண்டு. அதே பட்டியலில் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் கைக்குழந்தைகள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிற அன்றைக்கே அந்த டீச்சரையும் செவிலியரையும் முகாம் பொறுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணுவதற்கு இல்லை, தாய்மாரைப் பார்த்துக்கொள்வதற்கு.

நிஜமாகவே பொடி தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு. தாயை இழந்தவை, தாய் தீவிர சிகிச்சையில் இருப்பவை, முன்பிருந்தே பொடியில் வளர்பவை. ஒரு முகாமில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்குச் செவிலியர் மேற்பார்வையில், கொதித்த தண்ணீரோடு, தேவைப்படும் நாள் முழுக்கத் தடையில்லாமல் கொடுக்க வேண்டியது அரசின் வேலை. வேனிலிருந்து தூக்கிப் போடுகிற வேலை இல்லை அது. எதைக் கொடுத்தாலும் பாலாடைச் சங்கிலோ கிண்ணத்திலோ கொடுங்கள். நம் ஊர்ப் பாலாடையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. புட்டியின் கழுத்துக்குள் எந்த விரலும் போகாது.

முகாம் நடத்துகிறவர்களுக்கு: ஒரு மூலையில் கயிறு கட்டி இரண்டு சேலையைத் தொங்கவிடுங்கள். உள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடம் தண்ணீர். ஆண்களுக்கு அந்தப் பக்கம் வேலையில்லை என்று சொல்லிவிடுங்கள். கழிப்பறை வாசலில் ஒரு விளக்கு, ஜெனரேட்டர் ஓடும்போது முதல் இணைப்பு அதற்குத்தான். பேதிக்கு ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் கையிருப்பில் இருக்கட்டும்.

வண்டி அனுப்புகிறவர்களுக்கு: பழைய பருத்தி வேட்டி, துண்டு, கொசுவலை, பெண்களுக்கு உள்ளாடையும் நாப்கினும், பாலூட்டும் தாய்மாருக்குக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். டின் மட்டும் வேண்டாம் அண்ணாச்சி, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வீட்டுக்காரர்களுக்கு: வயிற்றுப்போக்கு வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, பால் குடிக்க மறுக்கிறது, துவண்டு கிடக்கிறது, உச்சி குழிந்திருக்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள். தொக்கம் எடுக்கிறவர் வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் நேரம் போய்விடுகிறது.

அந்தப் பெண்ணுக்குப் பால் திரும்ப ஐந்து நாள் ஆயிற்று. பிள்ளை மார்பில் சப்பும்போதே, கறந்து வைத்த பாலைப் பாலாடையால் மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, பிள்ளையை ஏமாற்றிச் சப்பவைப்பது ஒரு முறை. எங்கள் மூத்த செவிலியர் இதில் கெட்டிக்காரர். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். ஆறாம் நாள் பிள்ளையின் எடை 80 கிராம் கூடியிருந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று ஆச்சி ஒயர் கூடைக்குள் கையை விட்டு அந்தப் பாதி டின்னை எடுத்தார்.

“இத என்ன செய்ய டாக்டரம்மா? விலை கூடுன சாமானாம். எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டு மாசக் குழந்த இருக்கு, அவளுக்குக் குடுத்திரட்டா?”

கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். செவிலியர் அறையில் நாலு நாள் டீக்கு ஆயிற்று.