வளர்சிதை மாற்றம் செரிமானம் ஆகாது

‘சர்க்கரை கட்டுக்குள் இருக்கச் செரிமான வேகத்தைக் கூட்டுங்கள்’ என்று ஒரு மருத்துவக் குறிப்பில் படித்தேன். மெட்டபாலிசத்தைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். இந்தப் பிழையைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

கிரேக்கத்தில் ‘மெட்டபொலே’ என்றால் மாற்றம். 1839இல் தியோடோர் ஷ்வான் உயிரணுக்களின் வேதிமாற்றங்களைக் குறிக்க அதிலிருந்து ஒரு சொல்லை ஆக்கினார். தமிழில் வளர்சிதை மாற்றம்.

செரிமானம் குடலோடு முடிகிறது. சோறு குளுக்கோஸாகி இரத்தத்தில் கலந்த பிறகும் வேலை நிறைய இருக்கிறது. சாப்பிட்டதும் இன்சுலின் சுரக்க, கல்லீரல் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகக் கட்டிச் சேமிக்கிறது, இது வளர்மாற்றம். உறங்கும்போது குளுக்ககான் என்ற ஹார்மோன் தூண்ட, அதே கல்லீரல் அந்தச் சேமிப்பை உடைத்துச் சர்க்கரையை வெளியே விடுகிறது, இது சிதைமாற்றம். கிரேக்கச் சொல் வெறும் மாற்றம் என்று நின்றுவிட, நம் சொல் என்ன மாற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட சொல்லை யாராவது கைவிடுவார்களா?

“ராத்திரி இரண்டே இட்லி, அதுவும் அப்போதே செரித்துவிட்டது. காலையில் சர்க்கரை 140 எப்படி வரும்?” என்று என் அத்தை ஆய்வகத்தின் மேல் சந்தேகப்பட்டார். விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும், கல்லீரல் சர்க்கரையை விடும், நீரிழிவுக்காரருக்கு அதை அடக்கப் போதிய இன்சுலின் வேலை செய்யாது. வயிறு காலியாக இருந்தாலும் இது நடக்கும். எல்லாம் செரிமானம் என்றே படித்து வந்தவருக்கு இதை எப்படிப் புரியவைப்பது? அவர் செரிமானத்துக்காக இரவுதோறும் இஞ்சிச்சாறு குடித்துவந்தார்.

வளர்சிதை மாற்றம் நீளம், வாசகருக்குப் புரியாது என்கிறார்கள். பள்ளி உயிரியல் பாடத்தில் எல்லோரும் படித்த சொல் அது. டிரைகிளிசரைடு என்று தயங்காமல் அச்சிடுகிறவர்களுக்கு இது மட்டும் நீளமா? அவ்வளவு தயக்கம் இருந்தால் மெட்டபாலிசம் என்றே எழுதட்டும், ஏற்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் அனுசேபம் என்கிறார்கள். வடமொழிச் சாயல் எனக்கு உவப்பில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்பதும் அதில் தெரியாது. ஆனால் அது யாரையும் குடலுக்குள் இழுத்துக்கொண்டு போவதில்லை. செரிமானத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் சோற்றைப் பற்றிய பேச்சு என்றதும் கைக்கு எட்டிய சொல்லை வைத்துவிடுகிறார்கள். அதே குறிப்பில் ‘விரதச் சர்க்கரை அளவு’ என்றும் இருந்தது. இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும் எவரைக் கேட்டாலும் ‘வெறும் வயிற்றுச் சர்க்கரை’ என்று சொல்லியிருப்பார்.